மாவன்னாவும் மூன்று சாட்சிகளும்

அந்த அகராதி அலுவலகத்தில் மின்விசிறி ஓடாது. விசிறி இருந்தது, சுவிட்சும் இருந்தது. ஆனால் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார்கள். காரணம் சொற்சீட்டுகள். உள்ளங்கை அகலக் காகிதங்கள் அவை. ஒரு சீட்டுக்கு ஒரு சொல், ஒரு பொருள், அது யார் வாயில் எங்கே வந்தது என்ற குறிப்பு. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் வேர்வை தாங்காமல் விசிறியைப் போட்டுவிட்டதில், 'நா' வரிசை முழுவதும் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. பாதியைத்தான் பொறுக்க முடிந்தது. அன்றிலிருந்து அங்கே எல்லோரும் வேர்த்து விறுவிறுத்துத்தான் தமிழை வளர்த்தார்கள்.

அது ஓரெழுத்துச் சொற்களுக்கான அகராதி. வா, போ, தீ, பூ என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துபோகிற சொற்கள். அவற்றுக்குத் தமிழில் என்ன பொருள், அதே ஒலிக்கு மற்ற மொழிகளில் என்ன பொருள், எது எங்கிருந்து வந்தது, ஒன்றுக்கொன்று சொந்தமா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஓர் எழுத்து. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே வழக்கொழிந்து போயிருந்தது. 'கா' பார்த்தவர் காவன்னா. 'மா' பார்த்தவர் மாவன்னா. சம்பளப் பட்டியலில் மாவன்னாவுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

'மா'வை யாரும் விரும்பி வாங்கவில்லை. அது கடல். தமிழிலேயே அதற்கு மாமரம், விலங்கு, குதிரை, கருமை, திருமகள், நில அளவு, பெரியது, அரைத்த மாவு என்று பொருள்கள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் இன்னும் மோசம். சீனத்தில் தொண்டையை ஏற்றி இறக்குவதைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டு. அரபியில் தண்ணீர். இத்தாலியனுக்கு 'ஆனால்'. பிரெஞ்சுக்காரனுக்கு 'என்னுடைய'. ஹங்கேரியில் 'இன்று'. சமஸ்கிருதத்தில் 'வேண்டாம், செய்யாதே'. தமிழில் கருப்பாக இருப்பது மாவோரியில் வெள்ளையாகிவிடுகிறது. காவன்னா அடிக்கடி கிண்டல் செய்வார்.

"யோவ், உன் எழுத்துல கையை விட்டா குதிரையும் வருது, தண்ணியும் வருது. நீயெல்லாம் மந்திரவாதியா போயிருக்கணும்."

மாவன்னா சிரிக்க மாட்டார். தன் எழுத்தைப் பற்றிய விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சொல்லுக்கும் எந்தப் பொருளையும் ஏற்றுக்கொள்ள மூன்று சாட்சி வேண்டும். மூன்று வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடங்களில், அந்தப் பொருளில் அந்தச் சொல்லைச் சொல்லியோ எழுதியோ இருக்க வேண்டும். சொல்லும்போது எதைப் பார்த்துச் சொன்னார், எதைச் சுட்டினார் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், வேலை பார்ப்பவரின் சொந்தக்காரர் சாட்சி செல்லாது. இந்தக் கடைசி விதி காவன்னாவின் மைத்துனர் புண்ணியத்தில் வந்தது. அந்த மனிதர் பொழுது போகாமல் வாய்க்கு வந்த சொற்களையெல்லாம் புழக்கத்தில் இருப்பதாகச் சொல்லிவிட, காவன்னா அதை நம்பிச் சீட்டு எழுதிவிட, தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாள் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார்.

மற்றவர்களுக்கு அது சட்டம். மாவன்னாவுக்கு அது சுபாவம். வெளியிலிருந்து வருகிற ஆர்வக்கோளாறுகள் அவரிடம் வந்து மூக்குடைபட்டுப் போவார்கள். பின்லாந்து மொழியில் 'மா' என்றால் நிலம், நம்மிடமும் அது நில அளவு, ஆகவே இரண்டும் ஒன்று என்று ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மாவன்னா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "முகம் ஒரே மாதிரி இருந்தா சொந்தமாயிடாதுங்க" என்று அனுப்பிவைத்தார். வந்தவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

கல்யாணம் அவருக்குத் தாமதமாகத்தான் நடந்தது. மனைவி சட்டை தைக்கும் நிறுவனத்தில் காலர் தைப்பவள். ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து தைத்தாலும் அத்தனையும் ஒரே அளவில் நிற்கும். கலகலப்பானவள். அவர் சாப்பிடும்போது சொல்லாராய்ச்சி செய்தால், "முதல்ல தட்டுல இருக்கறதுக்கு அர்த்தம் கண்டுபிடிங்க" என்பாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை, குழந்தை பிறக்கும் வரைக்கும்.

பிரசவம் சிக்கலாகிவிட்டது. குழந்தை பிறந்து வெகுநேரம் அழவில்லை. பிறகு அழுதது. ஆனால் அதற்குள் நடக்க வேண்டாதது நடந்து முடிந்திருந்தது. கழுத்து நிற்காது, நடக்க வராது, கண் பார்வை மிகவும் மங்கல், காது மட்டும் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர்கள் பல மாதம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பெண் குழந்தை. வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள். மனைவி வேலையை விட்டாள். மூன்று மாடிப் படி ஏறிப் போகும் அந்த இரண்டு அறை வீட்டில், தச்சரிடம் சொல்லிச் செய்த சாய்வு நாற்காலியில் குட்டியைச் சாய்த்து வைத்து, வாயைத் துடைத்து, ஸ்பூனில் பாலூட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அவள் வளர்ந்தாள் என்பதைவிட மனைவி வளர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாவன்னா காலையில் போய்ச் சாயங்காலம் வருவார். வந்ததும் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பாசம் இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்லவே முடியாது.

குட்டிக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாவன்னா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குட்டி வாயைத் திறந்து, "மா" என்றாள். தெளிவாகச் சொன்னாள். மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"கேட்டீங்களா? என்னைக் கூப்பிட்டா! ஏங்க, குட்டி என்னைக் கூப்பிட்டாங்க!"

உலகத்தில் எந்த மனிதனும் அந்த இடத்தில் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான். மாவன்னா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, குட்டியின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அது விசிறியில் இருந்தது.

அன்றைக்கு முழுவதும் கவனித்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். குட்டி விசிறியைப் பார்த்து மா என்றாள். சுவரைப் பார்த்து மா என்றாள். பூனையைப் பார்த்தும், பால் கிண்ணத்தைப் பார்த்தும், ஒன்றையும் பார்க்காமலும் சொன்னாள். தாய் சமையலறையில் இருந்தாலும் சொன்னாள், எதிரே இருந்தாலும் சொன்னாள், மாடிவீட்டில் பேசிக்கொண்டிருந்தாலும் சொன்னாள். எந்தப் பொருளோடும் ஒட்டாத ஒலி என்று அவர் முடிவு செய்தார். செய்ததோடு நிற்கவில்லை. மனைவியை உட்காரவைத்து விளக்கினார்.

"உதட்டை மூடித் திறந்தா வர்ற முதல் சத்தம் அதுதான். எந்த நாட்டுக் குழந்தையும் அதைத்தான் சொல்லும். குழந்தை சும்மா உதட்டை அசைக்குது. அதைத் தன்னைக் கூப்பிடறதா எடுத்துக்கறது தாய்தான். அப்படித்தான் பாதி மொழிகள்ல அம்மாவுக்கு அந்தப் பேரே வந்துச்சுன்னு சொல்றாங்க. குழந்தை வச்ச பேர் இல்லை அது. தாய் வச்சுக்கிட்ட பேர்."

சொல்லி முடித்தபோது அவருக்குத் தன் விளக்கத்தில் ஒரு திருப்தி கூட இருந்தது. பாவி மனிதர். மனைவி குட்டியின் மேல்சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் சொன்னா அது கணக்குல வராதா?"

"நீ அவளோட அம்மா. உன் காதுக்கு அப்படித்தான் கேக்கும்."

"சரிங்க" என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் நம்புவதை விடவில்லை.

பேச்சு வராத குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருப்பதாக மாடிவீட்டு அக்கா விசாரித்துச் சொன்னபோது குட்டிக்கு ஒன்பது வயது. தினமும் வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகுமாம். கை அசைவால், ஒலியால், படத்தால் பேசக் கற்றுக்கொடுப்பார்களாம். மனைவி பழைய சுறுசுறுப்பைத் திரும்பப் பெற்றவளாக, குட்டிக்குப் புதுச் சட்டை தைத்தாள். காலர் வைத்த சட்டை. அத்தனை வருஷம் கழித்துத் தைத்தும் காலர் கச்சிதமாக நின்றது.

பள்ளித் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"இடம் ஒண்ணுதான் இருக்கு. ஒரு சொல்லாவது இருக்கற குழந்தையைத்தான் எடுக்கறோம். ஒண்ணு இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவதுக்குப் போயிடலாம். ஒண்ணுமே இல்லைன்னா எங்களால முடியறதில்லை. உங்க பொண்ணு ஏதாவது சொல்லுவாளா?"

"மான்னு கூப்பிடுவாங்க" என்று மனைவி முந்திக்கொண்டாள். "என்னைத்தான் கூப்பிடுவா."

குட்டி கூரையைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாள். மாவன்னா அவள் தலைக்கு அணை கொடுத்து, "தலை வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். குட்டி, "மா" என்றாள்.

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. தலைமை ஆசிரியை கூரையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கடைசியில் மாவன்னாவைப் பார்த்தார்.

"நீங்க அகராதியில இருக்கறவராமே. நீங்களே சொல்லுங்க சார். இது சொல்தானா? நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்."

ஒரு தலையாட்டல் போதும். மூன்று சாட்சி எங்கே என்று அந்த அறையில் யாரும் கேட்கப் போவதில்லை. மனைவியின் கை மேசைக்குக் கீழே அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமே இல்லாத வாய் அது.

"ஒலிதாங்க. சொல்லுன்னு சொல்ல முடியாது."

கை வேட்டியை விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி குட்டியின் சட்டையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போலத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். தட்டில் இருப்பதைப் பற்றிய கேலி மட்டும் வரவில்லை, அன்றைக்கும் சரி, அதன் பிறகும் சரி.

மறு வருஷம் அகராதி அச்சுக்குப் போனது. அச்சகம் வெளியூரில். 'மா' பகுதியைப் பிழை பார்க்க மாவன்னாவே வந்தாக வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் அங்கேயே தங்கி, அச்சு மை வாசத்தில், குதிரையையும் தண்ணீரையும் தாயையும் வரிசையாகத் திருத்தினார். திரும்பி வந்தபோது மனைவி ஒரு மாதிரி இருந்தாள். ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள். களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள். தீவிர சிகிச்சை அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி.

"நீ போ" என்றார் மாவன்னா. "உனக்குத்தான் அவளைப் பாத்துக்கத் தெரியும்."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வராந்தாவில் மர பெஞ்சு இருந்தது. 'அமைதி காக்கவும்' என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதியிருப்பதை மீறுகிற ஆள் இல்லை அவர். இருமல் வந்தால்கூட எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தார். காவன்னா பார்க்க வந்தபோது அவரையும் உதட்டில் விரல் வைத்து அடக்கினார். நடுவில் நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, "உங்க பொண்ணு மாதிரி பொறுமைசாலியை நான் பாத்ததில்லை சார். இத்தனை ஊசிக்கும் ஒரு சத்தம் போடலை" என்றாள். அவருக்கு அது பெருமையாக இருந்தது. சில நாள் அப்படி இருந்துவிட்டு, ஒரு மத்தியானம், ஒரு சத்தமும் போடாமலே குட்டி போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள், குழந்தைக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களையெல்லாம் மாடிப்படியில் உருட்டிவிட வேண்டும் போல மாவன்னாவுக்கு இருந்தது. மனைவி அழுதாள். அவருக்கு எதிரில் அழவில்லை. சாய்வு நாற்காலி ஜன்னல் பக்கத்திலேயே கிடந்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் பழக்கதோஷத்தில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவார்.

சில வாரம் கழித்து மாவன்னா ஒரு முடிவுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சாட்சி இல்லாத ஒரு பொருளை ஏற்றுக்கொள்வது என்று. செத்துப்போன குழந்தைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பவளுக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். குட்டி உன்னைத்தான் கூப்பிட்டா. நீ சொன்னதுதான் சரி. அன்னைக்கு ஸ்கூல்ல நான் ஆமான்னு சொல்லியிருக்கணும்."

மனைவியின் கை நின்றது.

"என்னை இல்லைங்க" என்றாள்.

"என்ன?"

"அவ என்னைக் கூப்பிடலை. உங்களைக் கூப்பிட்டா."

மாவன்னாவுக்குப் புரியவில்லை. அவள் துணியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க அச்சகத்துக்குப் போயிருந்தீங்கல்ல. அந்த ரெண்டு வாரமும் அவ வாயே திறக்கலை. நான் பக்கத்துலயே இருந்தேன். பேசிப் பாத்தேன், பாடிப் பாத்தேன். ஒண்ணுமில்லை. உடம்புக்கு என்னவோன்னு பயந்துட்டேன். அப்புறம் நீங்க வந்தீங்க. கதவைக்கூடத் தட்டலை. கீழ்ப்படியில உங்க செருப்புச் சத்தம். 'மா'ன்னா. அப்பத்தான் யோசிச்சேன். நீங்க ஆபீஸ் போனப்புறம் பகல்ல அவ சொல்லி நான் கேட்டதே இல்லைங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் இல்லை. நீங்க இருந்தாத்தான் சொல்லுவா. நான் ஒரு முட்டாள், அதைக் கவனிக்கவே இல்லை."

மாவன்னா கவனித்ததெல்லாம் அவர் கண் முன்னே வந்தது. விசிறி, சுவர், பூனை, பால் கிண்ணம். கழுத்தைத் திருப்ப முடியாத குழந்தை, சாய்த்து வைத்த திசையில் கண் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பொருள் மாறியது. ஆள் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் அங்கே இருந்தார். அவர் இல்லாத நேரத்தில் அவள் சும்மா இருந்தாள் என்பதை அவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்? பள்ளியில்கூட, அவர் பேசிய பிறகுதான் அவள் பேசினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

"சொன்னா சாட்சி கேப்பீங்க" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "அது சாக்குங்க. எனக்குப் பொறாமை. பாலூட்டறது நான், துடைக்கறது நான், தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது எனக்கு. கூப்பிடறது உங்களையா? ரெண்டு நாள் எனக்கு ஆறவே இல்லை. ஆறினதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு."

அவள் அழத் தொடங்கினாள். அவருக்கு எதிரிலேயே அழுதாள்.

"ஆஸ்பத்திரியில நீ போன்னு சொன்னீங்களே. அப்பவே உங்களை உள்ள அனுப்பியிருக்கணும். கடைசி நேரத்துல எனக்காகவாவது ஒரு தடவை சொல்லமாட்டாளான்னு நானே போயிட்டேன். அவ சொல்லலை. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருந்தது அவளுக்குத் தெரியவே இல்லைங்க."

ஒரு இருமல் இருமியிருந்தால் போதும். மாவன்னா அதை மாடிப்படியில் போய் இருமினார். அவர் எழுந்து மனைவியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் மேல் கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. தன்மேல் வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

பிறகு அவர் கேட்டார்.

"அவ கூப்பிடறப்ப நான் என்ன செய்வேன்?"

"என்ன செய்வீங்க... அவ எங்க பாக்கறான்னு பாப்பீங்க."

"ஒரு தடவையாவது 'என்னம்மா'ன்னு கேட்டிருக்கேனா?"

மனைவி யோசித்தாள். அந்த நேரத்துக்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றாள்.